சிக்கெடுக்கிற படம்: அப்போ இருந்த நானும் இப்போ இருக்கிற நானும் ஒரே கேன்வாஸ்ல

மனநலம் பத்தி செல்ஃப் போர்ட்ரெய்ட்னு சொன்னாலே நிறைய பேருக்கு ஒரே ஐடியாதான் வருது, முகத்தை நடுவுல கோடு போட்டு பிரிச்சுட்டு இந்தப் பக்கம் கருப்பு, மழை, முள்ளு, அந்தப் பக்கம் மஞ்சள், பூ, பட்டாம்பூச்சி. நானும் பென்சில்ல அப்படி ஒண்ணு போட்டுப் பார்த்தேன். அது யாரோ ஒரு பொண்ணு, நான் கிடையாது. 2018 கடைசிலேருந்து ரெண்டு வருஷம் போல டிப்ரஷன்ல இருந்தேன், அந்த நேரத்துல எனக்கு எதுவும் இருட்டா தெரியல, எல்லாமே ஒரே அளவு வெளிச்சத்துல இருந்துச்சு, அதுதான் கொடுமை. காலைல பத்து மணி வெயிலும் ராத்திரி ட்யூப்லைட்டும் ஒண்ணுபோல, அம்மா வச்ச வஞ்சிரம் குழம்பும் வெறும் சோறும் ஒண்ணுபோல, பக்கத்துத் தெருவுல சாவு மோளம் கேட்டாலும் கல்யாண மேளம் கேட்டாலும் உள்ள ஒரு அசைவும் கிடையாது. இதை எப்படி கருப்பு பெயின்ட்ல காட்டுறது?

அப்புறம் ஒரு விஷயம் படிச்சேன். 2010-ல ஜெர்மனியில ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்துல டிப்ரஷன் இருக்கிறவங்களோட விழித்திரையில மின் சிக்னலை அளந்து பார்த்திருக்காங்க, கருப்பு வெள்ளைக் கட்டம் காட்டினா மத்தவங்க கண்ணுல வர்ற அளவுக்கு இவங்க கண்ணுல சிக்னல் வரல, அதாவது கான்ட்ராஸ்ட்டுக்கு, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இருக்கிற வித்தியாசத்துக்கு, கண்ணே கம்மியாத்தான் பதில் சொல்லுது, நோய் அதிகமா இருந்தா அது இன்னும் குறையுது. படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா நான் அப்போ அக்கா கிட்ட "எல்லாம் வெளுத்துப் போன மாதிரி இருக்கு"ன்னு சொன்னதை யாரும் சீரியஸா எடுத்துக்கல. அன்னைக்கே இந்தப் படத்துக்கு ஒரு முடிவு எடுத்தேன்: பழைய நானை இருட்டாக்க மாட்டேன், கான்ட்ராஸ்ட்டை மட்டும் குறைப்பேன். கீழ எழுதுறது எல்லாம் அதை எப்படி பண்ணேங்கிற கதைதான், அக்ரிலிக்ல போர்ட்ரெய்ட் பண்றவங்களுக்கு பாதியாவது உபயோகப்படும்.

முதல்ல கம்போசிஷன். கடலூர் ஓ.டி.ல, அதாவது ஓல்டு டவுன்ல, அம்மா வீட்டுக்கு திண்ணை இருக்கு, ரெட் ஆக்சைடு போட்ட பழைய திண்ணை, கீழ ரெண்டு படி. பொம்பளைங்க சாயங்காலம் ஒருத்தி மேல படியில, ஒருத்தி கீழ படியில உக்காந்து தலை சீவி விடுவாங்கல்ல, அந்தப் போஸ். கீழ படியில அப்போ இருந்த நான், மேல படியில இப்போ இருக்கிற நான், பின்னாடிலேருந்து சிக்கெடுத்து விடுறேன். ரெண்டு பேரும் பார்க்கிறது நம்மளத்தான், அதனால மேல இருக்கிறவளுக்கு கீழ இருக்கிறவ முகம் தெரியாது, அவ தலைமுடிதான் தெரியும்.

ஏன் சிக்குன்னா, அதுதான் எனக்கு நடந்துச்சு. தலை சீவுறதுங்கிறது கையைத் தூக்கணும், சீப்பு தேடணும், கண்ணாடி முன்னாடி நிக்கணும், அந்த ஒவ்வொண்ணும் அப்போ மலை மாதிரி, முடியல, விட்டுட்டேன், வாரக்கணக்குல கொண்டையா சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அப்படியே கிடந்துச்சு. பின்மண்டையில முடி சடையாகி கட்டி ஆயிடுச்சு. வீட்ல சோம்பேறித்தனம்னாங்க, அப்புறம் யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு மந்திரிச்சு கயிறு கட்டுனாங்க. அக்காதான் ஒரு நாள் தேங்காண்ணெய் கிண்ணத்தை வச்சுக்கிட்டு திண்ணையில உக்கார வச்சு சாயங்காலம் முழுக்க சிக்கெடுத்தா, அடுத்த வாரமே கோரிமேடு ஜிப்மருக்கு மனநல ஓபிக்கு கூட்டிட்டுப் போனா. இப்போன்னா 14416-னு அரசாங்கத்தோட டெலிமானஸ் மனநல உதவி நம்பர் இருக்கு, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, இலவசம், எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். அப்போ அது கிடையாது, எனக்கு இருந்தது அக்காவும் கடலூர்-பாண்டி பஸ்ஸும்தான்.

இதே மாதிரி ரெண்டு தன்னை வரைஞ்சவங்கன்னா மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், 1939-ல வரைஞ்ச அந்த ரெண்டு ஃப்ரீடா கை கோர்த்து பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கிற படம். அது பெரிய படம், எனக்கு ரொம்பப் பிடிச்ச படம், ஆனா அங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல சமமா இருக்காங்க. எனக்கு ஒரு படி வித்தியாசம் வேணும்.

கேன்வாஸ் 24க்கு 30 இன்ச், கடையில வாங்கின காட்டன் கேன்வாஸ்தான். ரெடியா ப்ரைம் பண்ணிதான் வருது, இருந்தாலும் மேல ரெண்டு கோட் ஜெஸ்ஸோ (பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற வெள்ளை அடிப்பூச்சு) அடிச்சு நடுவுல 220 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன், முகம் வர்ற இடத்துல துணியோட நெசவு தெரிஞ்சா எனக்குப் பிடிக்காது. நான் இருக்கிறது பாண்டி முத்தியால்பேட்டை, கடல் காத்து நேரா வரும், ஐப்பசி மழைல கேன்வாஸ் ஈரத்தை இழுத்து தொளதொளன்னு ஆயிடும். அதுக்கு ரெண்டு வழி. ஃப்ரேம் மூலையில குட்டி ஆப்பு குடுத்திருப்பாங்க, அதைத் தட்டி இறுக்கலாம். இல்லன்னா பின்பக்கம் லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணி காய விட்டா துணி தானா இறுகும். நான் ரெண்டாவதைப் பண்ணேன், ஆனா முழுசா காஞ்சப்புறம்தான் சுவத்துல சாய்க்கணும், இல்லன்னா பின்னாடி பூஞ்சை பிடிச்சுடும், இந்த ஊர்ல அது நிச்சயம்.

ரெஃபரன்ஸ் போட்டோ. இப்போ இருக்கிற முகத்துக்கு கண்ணாடி வச்சு வரையலாமா போட்டோவான்னு யோசிச்சேன். கண்ணாடின்னா எல்லாம் மாறிடும், வான்கா 1889-ல காதுல கட்டோட வரைஞ்ச படத்துல கட்டு வலது காதுல இருக்கிற மாதிரி தெரியும், அவர் வெட்டிக்கிட்டது இடது காது, கண்ணாடியைப் பார்த்து வரைஞ்சதால அப்படி. எனக்கு வலது பக்க மூக்குத்தி முக்கியம், அதனால போட்டோ. கையை நீட்டி செல்ஃபி எடுக்காதீங்க, கேமரா கிட்ட இருந்தா மூக்கு பெருசாவும் காது உள்ள போன மாதிரியும் வரும். அஞ்சாறு அடி தள்ளி போனை ஸ்டூல்ல நிக்க வச்சு டைமர் போட்டு, ரெண்டு மடங்கு ஜூம்ல எடுங்க. காலைல ஒம்பது மணிக்கு மேல திண்ணையில ஒரு பக்க வெளிச்சம் நல்லா வரும், அதுல எடுத்தேன்.

பழைய முகத்துக்குத்தான் கஷ்டம். அந்த ரெண்டு வருஷத்துல என் போட்டோவே ரொம்பக் கம்மி. ஒரு கல்யாண ஆல்பத்துல இருக்கேன், பட்டுப்புடவை, மல்லிப்பூ, பல்லு தெரிய சிரிப்பு, பார்க்கிறவங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தச் சிரிப்பை வரையலாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன், ஏன்னா அதுவும் உண்மைதான், வெளியில போனா சிரிச்சேன். கடைசில வேண்டாம்னு விட்டேன், சிரிக்கிற முகமும் சோகமான கண்ணும்னு போட்டா அது நாடகம் ஆயிடும். அதுக்கு பதிலா ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கிடைச்சுது, ஏதோ சர்டிஃபிகேட்டுக்கு எடுத்தது. ஸ்டூடியோ ஃப்ளாஷ் நேரா முகத்துல அடிச்சு ஒரு நிழல் கூட இல்ல, மூக்குக்குக் கீழயும் இல்ல, தாடைக்குக் கீழயும் இல்ல. மூக்குத்தியும் இல்ல, அப்போ கழட்டி வச்சுட்டேன். இந்தப் போட்டோவுக்கே கான்ட்ராஸ்ட் கிடையாது, எனக்கு வேண்டியது அதான்.

ஒண்ணு சொல்லணும். பழைய போட்டோவை மணிக்கணக்குல உத்துப் பார்க்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என் கவுன்சிலர் கிட்ட பேசிட்டுத்தான் ஆரம்பிச்சேன், அவங்க சொன்னபடி பழைய முகத்தை காலைல மட்டும், வீட்ல யாராவது இருக்கும்போது மட்டும் வரைஞ்சேன், ஒரு மணி நேரம் ஆச்சுன்னா பிரஷ்ஷை கழுவி வச்சுட்டு பீச் ரோட்டுக்கு நடக்கப் போயிடுவேன். நீங்க இப்பவும் அந்த நிலைமைல இருந்தா இந்த மாதிரி படத்தை இப்போ எடுக்காதீங்க, தனியா எடுக்கவே எடுக்காதீங்க. மாத்திரை சாப்பிடுறவங்க படம் வரைஞ்சு மனசு லேசாயிடுச்சுன்னு டாக்டரைக் கேக்காம நிறுத்தவும் கூடாது. மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், நிறுத்துறதும் படிப்படியாத்தான். நான் இன்னும் சாப்பிடுறேன், அளவு குறைஞ்சிருக்கு.

கேன்வாஸ்ல 2 இன்ச் கட்டம் போட்டேன், பன்னெண்டுக்குப் பதினஞ்சு கட்டம், போட்டோவிலயும் அதே எண்ணிக்கை. பென்சில் வேண்டாம், கிராஃபைட் வெளிர் கலருக்கு மேல எட்டிப் பார்க்கும், சாக்பீஸ்ல போட்டு ஈரத்துணில துடைச்சா போச்சு. கோடெல்லாம் தண்ணியா கரைச்ச பர்ன்ட் சியன்னால, அது செம்பழுப்பு கலர்.

பெயின்ட்டு அஞ்சே அஞ்சு ட்யூப்: டைட்டானியம் வொயிட், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் ப்ளூ, கிரிம்சன். பாண்டி பக்கம் ஓவியம், இசை சொல்லித் தர்ற பாரதியார் பல்கலைக்கூடத்துல படிச்ச தம்பி ஒருத்தன் எனக்கு பெயின்ட்டிங் சொல்லிக் குடுத்தான், அவன் சொன்னது இன்னும் மறக்கல, "அக்கா, கருப்பு ட்யூபை வீட்டுக்குள்ளயே விடாதீங்க, சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்த்தா உங்களுக்கு வேணுங்கிற கருப்பு வரும், அதுல உயிரும் இருக்கும்". அது நிஜம். சியன்னா கூடுனா சூடான கருப்பு, நீலம் கூடுனா குளிர்ந்த கருப்பு. அப்புறம் இந்த ஸ்கின் கலர், ஃப்ளெஷ் டின்ட்னு விக்கிற ட்யூப், அந்த ரோஸ் கலர் எங்க வீட்ல யார் தோலுலயும் கிடையாது, தயவுசெஞ்சு வாங்காதீங்க. எங்க மாநிறத்துக்கு சியன்னாவும் ஓக்கரும் அடிப்படை, வெளிச்சத்துல வெள்ளை கொஞ்சம், நிழல்ல அல்ட்ராமரின், உதட்டுக்கும் கண்ணோரத்துக்கும் கிரிம்சன் துளி.

ரெண்டு முகத்துக்கும் இதே அஞ்சு ட்யூப்தான்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு பேரும் நான்தானே.

இப்போ முக்கியமான வேலை. பெயின்ட்டர்ஸ் வெளிச்சத்தை ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் நம்பர் போட்டு வச்சுப்பாங்க, 1-ன்னா அடர் இருட்டு, 10-ன்னா வெள்ளை. மேல இருக்கிற எனக்கு 1-லேருந்து 9 வரைக்கும் எடுத்துக்கிட்டேன். கீழ இருக்கிற எனக்கு 4-லேருந்து 7 வரைக்கும்தான், அதுக்கு மேலயும் போகக்கூடாது கீழயும் போகக்கூடாது. கேக்க சிம்பிளா இருக்கும், அக்ரிலிக்ல இது உயிரை வாங்கும். அக்ரிலிக் ஈரத்துல இருக்கும்போது கலர்ப் பொடியை ஒட்ட வைக்கிற பைண்டர் பால் மாதிரி வெள்ளையா இருக்கும், காஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆயிடும், அதனால ஈரத்துல பார்த்த கலரை விட காஞ்ச கலர் ஒரு பிடி இருட்டா வரும். 1-க்கும் 9-க்கும் நடுவுல விளையாடினா இது பெருசா தெரியாது. 5-க்கும் 5½-க்கும் நடுவுல மூக்கை வரையணும்னா எல்லாமே போச்சு, கன்னத்துக்கு கலந்தது காஞ்சா தாடை ஆயிடுது.

அதனால முன்கூட்டியே கலந்து வச்சேன். ஹோட்டல் பார்சல்ல வருமே மூடி போட்ட குட்டி சட்னி டப்பா, அதைக் கழுவி சேர்த்து வச்சு 4, 4½, 5-னு 7 வரைக்கும் மார்க்கர்ல எழுதி ஒவ்வொண்ணுலயும் அந்த அளவுக்கு கலந்து, ஒவ்வொரு கலரையும் ஒரு அட்டைல தடவி ஹேர் ட்ரையர் போட்டுக் காய வச்சு, காஞ்ச கலரை அந்த 1-10 வெளிச்ச அளவோட ஒப்பிட்டு, இருட்டா போனா வெள்ளை, வெளுத்துட்டா சியன்னான்னு சரி பண்ணிக்கிட்டே இருந்தேன். கண்ணைப் பாதி சுருக்கிப் பார்த்தா வித்தியாசம் தெரியும், சந்தேகம் வந்தா போன்ல ப்ளாக் அண்ட் வொயிட் போட்டோ எடுத்துப் பாருங்க, பொய் சொல்லாது. கான்ட்ராஸ்ட் கூடவே கலர் பளிச்சுன்னு இருக்கிறதையும் குறைக்கணும், தோல் ஆரஞ்சு பக்கம் இருக்கிறதால அதுக்கு எதிரான நீலத்தை ஒரு துளி ஒரு துளியா விட்டா கலர் சாம்பல் பக்கம் நகரும். வேலை செய்யற கலருக்கு டிபன் பாக்ஸ்ல ஈர டிஷ்யூ மடிச்சு அதுக்கு மேல பட்டர் பேப்பர் விரிச்சு அதுல வச்சேன், மூடி வச்சா மறுநாளும் காயாம இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கு, அதையும் அட்டைல போட்டுப் பார்த்தேன். முகத்தை முழு கான்ட்ராஸ்ட்ல வரைஞ்சுட்டு, காஞ்சப்புறம் வெள்ளையும் துளி நீலமும் க்ளேஸிங் மீடியத்துல (பெயின்ட்டை அடி தெரியிற மாதிரி மெல்லிசாக்குற திரவம்) கரைச்சு மேல மெல்லிசா ஒரு திரை மாதிரி இழுத்துட்டா கான்ட்ராஸ்ட் தானா குறைஞ்சுடும். வேலை கம்மி, பார்க்கவும் அழகா இருக்கும். ஆனா அது பனிமூட்டத்துக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்கிற மாதிரி இருக்கு, மூட்டம் விலகினா எல்லாம் சரின்னு சொல்ற மாதிரி. எனக்கு அப்படி முன்னாடி எதுவும் மறைக்கல, தோலுக்குள்ளயே அது இறங்கியிருந்துச்சு. அதனால முகத்துக்கு கலந்த கலர்தான், திரை முறையை பின்னாடி சுவத்துக்கு மட்டும் வச்சுக்கிட்டேன். அந்தச் சுவத்துல 2015 வெள்ளத்துல தண்ணி நின்ன கறை ஒரு கோடா இன்னும் இருக்கு, ரெண்டு சுண்ணாம்பு அடிச்சும் போகல. அதை இடமிருந்து வலம் முழுக்க இழுத்தேன், கீழ இருக்கிறவ தோளுக்குப் பக்கத்துல வரும்போது மட்டும் திரை போட்டு மங்க வச்சேன்.

ஓரங்கள். மேல முகத்துல தாடைக்கும் கழுத்துக்கும் நடுவுல கத்தி வெட்டின மாதிரி ஒரு ஓரம் இருக்கு, கீழ முகத்துல அப்படி ஒரு இடம் கூட இல்ல, கன்னம் எங்க முடியுது காது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம காஞ்ச பிரஷ்ல தேய்ச்சு விட்டேன். ஐப்பசி ஈரம் இதுக்கு உதவியா இருந்துச்சு, சித்திரைல ஃபேன் காத்துல ரெண்டு நிமிஷத்துல காயிற பெயின்ட் இப்போ நிதானமா கலக்க விடுது. திண்ணை சிவப்பு வேற தாடைக்கு அடியில எதிரொளிக்கும், மேல முகத்துல அந்தச் சிவப்பை தைரியமா போட்டேன், சியன்னாவும் கிரிம்சனும். கீழ முகத்துக்கு அந்த எதிரொளி கிடையாது, இத்தனைக்கும் அவதான் தரைக்குக் கிட்ட உக்காந்திருக்கா.

மேல முகத்துக்கு சிரிப்பு வைக்கல. இப்போ நல்லா இருக்கேன், அதுக்காக சந்தோஷத்துல மிதக்கிறேன்னு அர்த்தம் இல்ல. கண்ணுக்குக் கீழ கருவளையம் இருக்கு, அதை மறைக்காம 3-ம் நம்பர்ல தெளிவா போட்டேன், வேலைக்குப் போயிட்டு வந்த அலுப்பு அது. அலுப்பு அலுப்பா தெரியிறதே எனக்குப் பெரிய விஷயம்.

அடுத்து முடி, இங்கதான் கணக்கு இடிச்சுது. கருப்பு முடின்னா 1, 2-தான். கீழ இருக்கிறவளுக்கு 4-க்குக் கீழ போகக்கூடாதுன்னு நானே போட்ட சட்டம். ரொம்ப நேரம் போட்டோவையே பார்த்துக்கிட்டு இருந்தப்புறம்தான் கவனிச்சேன், எண்ணெயே காணாத முடி கருப்பா இருக்காது, செம்பட்டையா, புழுதி படிஞ்ச மாதிரி இருக்கும். ஓக்கர், சியன்னா, கொஞ்சம் நீலம், கொஞ்சம் வெள்ளை, அடர்த்தியான இடம் 4, வெளிச்சத்துல 5½. பன்றிமுடி பிரஷ் ஒண்ணு மொட்டையா தேஞ்சு போனது இருந்துச்சு, பெயின்ட்டை துணில ஒத்தி எடுத்துட்டு அதால குத்தி குத்தி வச்சேன், சிக்கு சிக்காவே வந்துச்சு. முடியை இழை இழையா வரையாதீங்க, பெரிய பெரிய கத்தையா பாருங்க, கடைசில ஓரத்துல நாலு இழை பறக்க விட்டா போதும்.

இப்போ சீப்பு போன இடம். சிக்கெடுக்கும்போது சீவின பாகத்துல எண்ணெய் இறங்கி முடி கருப்பாவும் பளபளப்பாவும் மாறும், சீவாத பாகம் அப்படியே செம்பட்டையா நிக்கும். கை பிடிச்சிருக்கிற இடத்துக்குக் கீழ நுனி வரைக்கும் 4-லேருந்து 3, 2, 1-ன்னு இறக்கினேன், அதுக்கு மேல எண்ணெய்ப் பளபளப்புக்கு 9-ல சன்னமா ஒரே ஒரு கோடு. கீழ இருக்கிற என் உருவம் முழுக்க 4-7 தாண்டாது, அந்த ஒரு கத்தை முடியைத் தவிர. இந்தப் படத்துல எனக்குப் பிடிச்ச இடம் எதுன்னா இதுதான், ஒரு சாணுக்குள்ள அடங்கிடும்.

கைக்கு ரெஃபரன்ஸ் வேணும். நானே சிக்கெடுக்கிற மாதிரி நானே முன்னாடி நின்னு போட்டோ எடுக்க முடியாது. கடலூர் போயி அக்காவை திண்ணையில உக்கார வச்சு, அவ பொண்ணு பாப்பாவைக் கீழ படியில உக்கார வச்சு, சீவச் சொன்னேன். எப்படி பண்றான்னு பாருங்க: இடது கையால சிக்குக்கு மேல முடியை இறுக்கிப் பிடிச்சுக்கிறா, அப்போதான் இழுத்தா மண்டை வலிக்காது, வலது கையில பெரிய பல் சீப்பு, நுனிலேருந்து ரெண்டு விரக்கடை ரெண்டு விரக்கடையா மேல ஏறி வர்றா. இடது கை விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போற அளவுக்கு பிடி. அப்படியே சீவிக்கிட்டே சொன்னா, "எனக்கு அன்னைக்கு உன் முடியை வெட்ட மனசே வரலடி. பின்னாடி ஒரு கொத்து மட்டும் எவ்ளோ எண்ணெய் விட்டும் வரல, அதை மட்டும் வெட்டி பேப்பர்ல மடிச்சு எறிஞ்சேன். உனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும்." அவ அப்படி நினைச்சுக்கிட்டு இருக்கா, ஆனா அவ சொல்ற வரைக்கும் எனக்கு அது தெரியவே தெரியாது.

கையை வரையறதுல ஒரு வாரத்துக்கு மேல போச்சு. முட்டி வெளுக்கிறது வெறும் வெள்ளை இல்ல, ஓக்கர் கலந்த 8, சுத்தி இருக்கிற தோல் 4, நடுவுல மெல்லிசா கிரிம்சன். நகத்துல மஞ்சள் கறைக்கு ஓக்கரை அப்படியே வச்சேன். வலது மணிக்கட்டு உள்பக்கம் அக்காவுக்கு தோசைக்கல்லு சுட்ட தழும்பு இருக்கு. தழும்புத் தோலுக்கு ரேகை கிடையாது, வழவழன்னு இருக்கும், அதனால மத்த தோல்ல வெளிச்சம் பரவி நிக்கும், தழும்புல மட்டும் வெளிச்சம் சுருக்குன்னு ஒரு புள்ளியா நிக்கும். கலர் கொஞ்சம் ரோஸ், கொஞ்சம் வெளிர். படத்துல மேல இருக்கிறது நான், என் கையில அந்தத் தழும்பு கிடையாது. எடுத்துடலாமான்னு பிரஷ்ல 4-ம் நம்பர் எடுத்துக்கிட்டு நின்னேன், எடுக்கல. நான் தனியா எந்திரிச்சு வந்து என் தலையை நானே சீவிக்கிட்டேன்னு ஒரு படம் வரைஞ்சா அது அழகா இருக்கும், ஆனா நடக்காத விஷயம். முகம் என்னோடது, கை அவளோடது, அப்படியே இருக்கட்டும்னு விட்டேன்.

அக்கா பாண்டி வந்தப்போ பார்த்தா. முகத்தை எல்லாம் விட்டுட்டு நேரா மணிக்கட்டைத்தான் பார்த்தா. "இது என் கைடி." ஆமான்னேன், பிடிக்கலன்னா எடுத்துடுறேன்னேன். "எடுத்துப் பாரு" அப்படின்னுட்டு தண்ணி குடிக்கப் போயிட்டா.

அம்மா வேற மாதிரி. கீழ இருக்கிற முகத்தையே நின்னு பார்த்துட்டு, "அப்போ நல்லாத்தானே இருந்த, முகம் ஒண்ணும் வாடலையே, இதுல என்ன வித்தியாசம்"னாங்க. பாதி பேருக்கு அப்படித்தான் தெரியும்னு எனக்கும் தெரியும். நான் போன்ல படத்தை ப்ளாக் அண்ட் வொயிட் ஆக்கி காட்டினேன், மேல முகம் அப்படியே எழுந்து நிக்குது, கீழ முகம் சுவரோட சுவரா போயிடுது, கறைக்கோடு கூட அவளை விட நல்லா தெரியுது. அம்மா போனை வாங்கி ரொம்ப நேரம் வச்சிருந்தாங்க. "இவ்ளோ நாள் பக்கத்துலயேதான இருந்தேன்"னாங்க. அவங்க மேல எனக்கு வருத்தம் இல்லன்னு அன்னைக்குத்தான் வாய் விட்டுச் சொன்னேன். இப்போ அவங்க கவலை வேற, ஹால்ல மாட்டினா வர்றவங்க கேப்பாங்க, என்னன்னு சொல்றதுன்னு. கேட்டா சொல்லுங்கம்மா, மனசுக்கு முடியாம இருந்துச்சு, வைத்தியம் பார்த்தோம்னு சொல்லுங்க, சுகர், பிரஷர்னு சொல்றோமே அதே மாதிரின்னு சொல்லி வச்சிருக்கேன்.

பாக்கி இருக்கிறது வார்னிஷ். இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. க்ளாஸ் வார்னிஷ் அடிச்சா இருட்டு கலரெல்லாம் இன்னும் ஆழமாகும், கான்ட்ராஸ்ட் கூடும். மேட் வார்னிஷ் அடிச்சா இருட்டு கொஞ்சம் வெளுக்கும். அதனால மேல பாதிக்கும் அந்தக் கத்தை முடிக்கும் க்ளாஸ், கீழ உருவத்துக்கு மேட். சேர்ற இடத்துல கோடு தெரியாம இருக்கணும், அதுக்கு சீப்பு போற எல்லையையே எல்லையா வச்சுக்கப் போறேன், முதல்ல அட்டைல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அடிச்சுப் பார்த்துட்டுத்தான் படத்துல கை வைப்பேன். மழை ஈரத்துல வார்னிஷ் அடிச்சா பால் மாதிரி பூத்துடும், அதனால பொங்கல் முடிஞ்சு தை வெயில் வரட்டும்னு துணி போட்டு மூடாம, சுவத்தை விட்டு ஒரு சாண் தள்ளி நிக்க வச்சிருக்கேன். ஃப்ரேமுக்கு ஞாயித்துக்கிழமை சந்தையில பழைய தேக்குச் சட்டம் ஒண்ணு பார்த்து வச்சேன், அரை இன்ச் இழைச்சா சரியா வரும். படம் எங்க மாட்டுறதுன்னுதான் இன்னும் முடிவாகல, அம்மா ஹாலுக்கு ஒத்துக்கிட்டாங்க, அக்கா கடலூர்ல திண்ணைக்கு உள்பக்க சுவத்துல மாட்டணும்ங்கிறா. அந்தச் சுவரு ஈரம் ஏறும், அங்கதான்னா ஃப்ரேமுக்குப் பின்னாடி நாலு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டி காத்துக்கு இடைவெளி விட்டுத்தான் மாட்டணும்.